துவக்கும் அனுமதிப்பத்திரமும்: மலைநாட்டில் குடியேற்ற ஆட்சியின் ஆயுதக் கட்டுப்பாடு

மலைநாட்டுப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பியையும் தேயிலையையும், கூலியையும் கடனையும், துண்டு முறையையும் கங்காணியையும் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். ஆயின், ஒரு மக்கட் கூட்டத்தை ஆள்வோர் அக்கூட்டத்தின் கையில் எதனை விட்டுவைத்தனர், எதனைப் பறித்தனர் என்னும் வினா போதிய அளவு ஆராயப்படவில்லை. துவக்கும் வெடிமருந்தும் யாரிடம் இருக்கலாம், யாருக்கு விற்கப்படலாம், அதற்கு எவ்வளவு கட்டணம் செலுத்தவேண்டும் என்பவற்றை ஆங்கிலேய அரசு வகுத்த முறையைத் தொடர்ந்து நோக்கின், அவ்வரசு தன் குடிகளை எவ்வாறு தரம் பிரித்தது என்பது வேறெந்தச் சான்றினும் தெளிவாகப் புலப்படும். நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் இவ்வரலாற்றுக்குத் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. ஒரே அரசின் கையால் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில் ஆயுதம் களையப்பட்ட இரு மக்கட் பிரிவினர் இம்மலைகளிலேயே அயலவராயினர். ஒரு சாரார் கண்டிச் சிங்கள விவசாயிகள். மற்றைய சாரார் தென்பாண்டிச் சீமையினின்றும் வந்த தமிழ்த் தொழிலாளர்.

துவக்கு மலைநாட்டுக்குப் புதியதன்று. துருக்கியச் சொல்லொன்றின் வழிவந்தனவே துப்பாக்கி, துவக்கு ஆகிய இரண்டும். அச்சொல் சிங்களத்திலும் ஏறக்குறைய அவ்வாறே வழங்குகின்றது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரோடு பொருத காலந்தொட்டே இலங்கைக் கொல்லர் துவக்குச் செய்யும் வித்தையில் தேர்ந்திருந்தனர். பொறி இடப்புறத்தில் அமைந்ததும், பிடியின் அடி இரண்டாகப் பிளவுண்டதும், வெள்ளி, யானைத்தந்தம் முதலியன இழைக்கப்பட்டதுமான கண்டித் துவக்குகளை இன்றும் அரும்பொருட்சாலைகளிற் காணலாம். இருவர் சுமந்து செல்லத்தக்க, காலூன்றி நின்று சுடும் கொடித்துவக்கு மலைப்போருக்கென்றே அமைந்த கருவியாகும்.

துவக்கினும் வெடிமருந்தே ஆட்சியாளரின் கவலைக்கு உரியதாயிற்று. வெடிமருந்துக்கு வேண்டியவை வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றே. கரிக்கு மலைநாட்டிற் பஞ்சமில்லை. வெளவால்கள் அடையும் குகைகளின் மண்ணிலிருந்து வெடியுப்பு வடித்தெடுக்கப்பட்டது. தும்பறைப் பகுதியில் மேமுரை அருகே இத்தகைய குகையொன்றில் நடைபெற்ற வேலையை 1821இல் வெளிவந்த தமது நூலில் ஜோன் டேவி என்னும் படை மருத்துவர் விரிவாக விபரித்துள்ளார். கந்தகம் மட்டுமே உள்நாட்டிற் கிடைக்காத பொருள். அது கடல்வழியே வரவேண்டும். கடற்றுறைகளோ 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின் முற்றாக ஒல்லாந்தர் வசமாயின. எனவே கண்டி அரசுக்கெதிரான ஆயுதக் கட்டுப்பாடு சட்டநூலில் தொடங்கியதன்று. கரையோரத் துறைகளைப் பூட்டியதில் தொடங்கியது. ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைப் பெற்ற ஆங்கிலேயர் இப்பூட்டையும் சாவியையும் சேர்த்தே பெற்றனர் எனலாம்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. இரண்டாண்டு கழியுமுன் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளிற் கிளர்ச்சி மூண்டது. 1818ஆம் ஆண்டு இறுதியில் கெப்பெட்டிப்பொல கொல்லப்பட்டதோடு அது அடங்கிற்று. வயல்கள் எரிக்கப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன, துவக்குகள் ஊரூராகத் திரட்டிக் கைப்பற்றப்பட்டன. பிறவுண்றிக் தேசாதிபதியின் அரசுக்கு இது போர்க்கால நடவடிக்கை மட்டுமன்று. வீதி அமைத்து, நிலத்தை அளந்து, பயிர்ச்செய்கைக்குத் திறந்துவிடுவதற்கு முன் செய்யவேண்டிய முதல் வேலையாகவும் அது அமைந்தது.

இங்குப் பாக்குநீரிணைக்கு அப்பாற் சற்றே நோக்குதல் பொருந்தும். 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றிலும், 1801 அக்டோபரில் மருது சகோதரர் திருப்பத்தூரிலும் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் முதலாம் நாள் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்மாவட்டத்துப் பாளையங்களில் துவக்கு, ஈட்டி முதலாய ஆயுதங்களை மக்கள் வைத்திருத்தலைத் தடைசெய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. பரம்பரையாகக் காவற்றொழில் செய்து வாழ்ந்த குடிகள் அத்தொழிலுக்குரிய கருவியை இழந்தன. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஆகியவையே இப்பிரகடனத்தின் பார்வைக்கு முதலில் வந்த சீமைகள். அச்சீமைகளிலிருந்தும், அவற்றை அடுத்த திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்துமே 1820களின் பிற்பாதி முதலாகக் கோப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளர் வரத் தொடங்கினர். மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தோரின் தந்தையரோ பாட்டனாரோ 1801இல் ஆயுதம் களையப்பட்ட ஊர்களில் வாழ்ந்தவர்கள். தொழிலாளர் இயல்பாகவே பணிவுடையோர் எனத் துரைமார் எழுதிவைத்த குறிப்புகளைப் படிக்கும்போது இவ்வுண்மையை மறத்தலாகாது. அவர்கள் இயல்பு எனக் கண்டதில் ஒரு பங்கு, ஒரு தலைமுறைக்கு முன் அரசாணையால் ஆக்கப்பட்டதாகும்.

ஆயுதம் களையப்பட்ட இம்மலைகளில் துவக்கொலி ஓய்ந்திருந்ததா எனின், இல்லை. 1830களும் 1840களும் மலைநாட்டில் மிகுதியாகத் துவக்கு வெடித்த காலம். படை அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் யானை வேட்டையில் திளைத்தனர். மேஜர் றோஜர்ஸ் என்பவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் எனவும், கப்டன் கோல்வே என்பவர் 700க்கு மேல் கொன்றார் எனவும் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் பதிந்துள்ளார். றோஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். அவர் கல்லறை நுவரெலியாவில் உள்ளது. அக்கல்லறையிலும் இடி விழுந்ததென ஊரார் கூறுவதில் ஒருவகை நீதியுணர்வு தொனிப்பதை மறுக்கவியலாது. நுவரெலியாவில் தங்கியிருந்த சாமுவேல் பேக்கர் நாய்க்கூட்டத்தோடு மரைவேட்டையாடி, அதனை நூல்களாகவும் எழுதிப் புகழ் பெற்றார். அரசும் யானைக் கொலைக்குச் சன்மானம் வழங்கியது. 1848க்கு முற்பட்ட மூன்றாண்டிற்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு இச்சன்மானம் கொடுக்கப்பட்டதென டெனன்றே கூறுகின்றார். ஆகவே அரசு துவக்கை வெறுத்ததில்லை. யாருடைய தோளில் அது கிடக்கவேண்டும் என்பதே அதன் கவலை.

இப்பின்னணியிலேயே 1848ஆம் ஆண்டுத் துவக்கு வரியை நோக்குதல் வேண்டும். டொறிங்டன் பிரபு 1847இல் தேசாதிபதியாக வந்தபோது கோப்பி விலை சரிந்து, அரசின் வருமானம் தளர்ந்திருந்தது. நேர்வரிகள் குடியானவனை உழைக்கத் தூண்டும் என்பது குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த கிரே பிரபுவின் கொள்கை. நாய்க்கு வரி, கடைக்கு வரி, துவக்கு வைத்திருக்க ஆண்டுதோறும் இரண்டு சிலிங் ஆறு பென்ஸ் கட்டணத்தோடு அனுமதிப்பத்திரம் என வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக விதிக்கப்பட்டன. இவற்றோடு வீதிக் கட்டளைச்சட்டம் வளர்ந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் வீதிவேலை செய்தல் வேண்டும், இன்றேல் மூன்று சிலிங் கட்டுதல் வேண்டும் என விதித்தது. இக்கணக்கின்படி ஒரு நாள் உழைப்பின் விலை ஆறு பென்ஸ் என அரசே மதிப்பிட்டுள்ளது. அங்ஙனமாயின், துவக்குக் கட்டணம் ஐந்து நாள் உழைப்புக்குச் சமம். சுவரில் தொங்கும் பழைய துவக்கொன்றுக்காக ஒரு விவசாயி ஆண்டுதோறும் ஐந்து நாள் உழைப்பை அரசுக்குக் கொடுக்கவேண்டியிருந்தது.

அத்துவக்கு அவனுக்கு ஆடம்பரமன்று. சேனைப்பயிரையும் வயலையும் காட்டுப்பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காப்பது அதுவே. காட்டை அழித்துக் கோப்பி நட்டபின் விலங்குகள் இடம்பெயர்ந்து ஊர்ப்புறங்களில் இறங்குதல் இயல்பு. காட்டை வெட்டியவன் துரை; அதனால் பயிரிழந்தவன் விவசாயி; பயிரைக் காக்கும் கருவிக்கு வரி செலுத்தவேண்டியவனும் அவனே. துரைக்கும் அதே கட்டணந்தான் எனச் சட்டம் கூறலாம். இரு தரப்பாருக்கும் ஒரே தொகை விதித்தல் ஒருபோதும் ஒரே சுமையை விதித்தலாகாது. மேலும் இது வருமானத்துக்கான ஏற்பாடு மட்டுமன்று. அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமாயின் துவக்கைப் பதியவேண்டும். பதிந்தால் எவ்வூரில் எத்தனை துவக்கு உண்டு என்பது கச்சேரிக்குத் தெரிந்துவிடும். முப்பதாண்டுக்கு முன் ஊவாவில் துவக்குகள் ஊரூராகப் பறிக்கப்பட்டதை நினைவிற் கொண்டிருந்த முதியோர் இப்பதிவின் உட்பொருளை எவ்வாறு விளங்கிக்கொண்டிருப்பர் என்பதை ஊகித்தல் அரிதன்று.

1848 ஜூலை 6ஆம் நாள் கண்டியில் பெருந்திரளான மக்கள் வரிகளை எதிர்த்துக் கூடினர். அம்மாத இறுதியில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். மாத்தளை தாக்கப்பட்டது. கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சியாளர் பக்கத்தில் ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டனர் எனவும், இராணுவ நீதிமன்றங்கள் பதினெண்மருக்கு மரண தண்டனை நிறைவேற்றின எனவும் கூறுவர். ஆங்கிலப் படையிலோ ஒருவரேனும் கொல்லப்படவில்லை, காயமுற்றவர் ஒருவரே. துவக்கு வரியை எதிர்த்து எழுந்த மக்களிடம் துவக்கு எவ்வளவு அரிதாயிருந்தது என்பதை இவ்வெண்களே கூறுகின்றன. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் விசாரணை நடைபெற்றது. டொறிங்டன் 1850இல் பதவி நீங்கினார். துவக்கு வரியும் ஏனைய சிலவும் கைவிடப்பட்டன. வீதி வரி மட்டும் நீண்டகாலம் நிலைத்தது. வருமானம் தரும் வழியாகத் துவக்கு வரி தோற்றது. ஆயின் துவக்கைப் பதிந்து எண்ணிக் கட்டுப்படுத்தவேண்டும் என்னும் எண்ணம் தோற்கவில்லை என்பது பின்னர்ப் புலனாயிற்று.

வெடிமருந்தின் வரலாறு இதனின்றும் சற்று வேறுபட்டது. கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல மலையைப் பிளக்கவேண்டியிருந்தது. புகையிரதப் பாதை 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையே பூல்பாங்க் சுரங்கம் குடையப்பட்டது. பாறையில் துளையிட்டு, மருந்து அடைத்து, திரி வைத்து, ஓடி ஒதுங்கி, வெடித்தபின் கல் அள்ளிய கைகளில் மிகப் பெரும்பாலானவை தமிழ்த் தொழிலாளரின் கைகள். பாறையை உடைக்கும் வரை வெடிமருந்து அவர்கள் கையில் இருக்கலாம். மாலையில் மிஞ்சிய மருந்து எண்ணி வாங்கப்பட்டுப் பூட்டப்படும். அதே மனிதன் அதே மருந்தில் ஒரு பிடியைத் தன் லயன் அறைக்குக் கொண்டுசென்றால் குற்றவாளி. மருந்தின் ஆபத்து அதன் வேதியியலில் இல்லை, அது இருக்கும் இடத்தில் உள்ளது என அரசு கருதியமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்தியாவில் 1878ஆம் ஆண்டு லிற்றன் பிரபு கொணர்ந்த ஆயுதச் சட்டம் இக்கருத்தை நாடளாவிய அளவில் வெளிப்படையாகவே எழுதிவைத்தது. இந்தியர் அனுமதிப்பத்திரமின்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றம். ஐரோப்பியருக்கு விதிவிலக்கு உண்டு. இந்திய தேசிய காங்கிரஸ் தன் தொடக்க ஆண்டுகளிலேயே இச்சட்டத்துக்கெதிராகத் தீர்மானம் நிறைவேற்றியமை இதனால் விளைந்த மானக்கேட்டின் ஆழத்தைக் காட்டும். இலங்கையிலும் இனவேறுபாடு ஆயுதத்தில் துலங்கியது. ஆனால் தொண்டர் படைகளின் வடிவில். தோட்டத்துரைமாரைக் கொண்டு 1892இல் குதிரைப்படைப் பிரிவொன்றும், 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துவக்குப் படையும் அமைக்கப்பட்டன. பின்னது முற்றிலும் ஐரோப்பியருக்குரியது. இப்படையினர் தென்னாபிரிக்கப் போருக்குச் சென்றனர். முதலாம் உலகப் போரில் எகிப்துக்கும் கல்லிப்பொலிக்கும் சென்றனர். இப்பெருமைகள் தோட்டத்துரைமார் கழகங்களின் சுவர்களில் பொறிக்கப்பட்டன. ஆனால் மலைநாட்டு மக்களுக்கு இப்படையின் பொருள் வேறு. காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுபவரே துவக்கேந்திய படைவீரருமாவார். முதலாளியும் கண்காணிப்பாளரும் படையும் ஒருவரிடத்தே ஒன்றுசேர்ந்த நிலை அது. அத்துவக்கு சுடப்படவேண்டிய தேவையே இல்லை. பங்களாவில் அது இருக்கின்றது என்னும் அறிவே போதுமானது.

1915இல் இவ்வேற்பாடு ஊர்ப்புறங்களில் வெளிப்படையாக இயங்கிற்று. மே மாத இறுதியில் கண்டியில் சிங்கள, முஸ்லிம் மக்களிடையே மூண்ட கலவரம் பரவ, ஜூன் 2ஆம் நாள் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஆகஸ்ட் 30 வரை அது நீடித்தது. ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் வணிகரும் ஆயுதமேந்திய துணைப்படையினராக ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். விசாரணையின்றியும், விசாரணையென்னும் பெயரிலும் பலர் சுட்டுக்கொல்லப்பட்டனர். கொழும்பு நகரக் காவற்படையின் கப்டனான ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டமை, அரசே கொடுத்த துவக்கை ஏந்திய இலங்கையருக்கும் பாதுகாப்பில்லை என்பதைக் காட்டிற்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையிலும் இலண்டனிலும் இக்கொடுமைகளை எடுத்துரைத்து, 1916இல் நூலாகவும் வெளியிட்டார்.

அதே 1916இலேயே 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் நிறைவேறியது. பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையிலுள்ள இச்சட்டத்தின் அமைப்பு எளிதானது. அனுமதிப்பத்திரமின்றி எவரும் துவக்கு வைத்திருத்தலாகாது. அதனை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். துவக்குச் செய்தல், பழுதுபார்த்தல், விற்றல், இறக்குமதி செய்தல் யாவற்றுக்கும் அனுமதி வேண்டும். அனுமதியளிக்கும் அதிகாரம் அரசாங்க அதிபரிடம் விடப்பட்டது. இடப்புறப் பொறியுடைய துவக்கைச் செய்த கொல்லர் மரபு இதனால் முற்றாகச் சட்டத்தின் பார்வைக்குள் வந்தது. இனம் பற்றிய பேச்சே எழாத சட்டம் இது. அவ்வகையில் இந்தியச் சட்டத்தினும் நாகரிகமானதாகத் தோன்றும்.

ஆனால் லயன் அறையிலிருந்து நோக்கும்போது தோற்றம் மாறுகின்றது. அரசாங்க அதிபரிடம் துவக்குக் கேட்பவன் தனக்கு அது எதற்கெனக் காரணம் காட்டவேண்டும். பயிரைக் காக்க என்றால், பயிர் இருக்கவேண்டும். பயிருக்கு நிலம் இருக்கவேண்டும். தொழிலாளிக்கு நிலமில்லை. வீட்டைக் காக்க என்றால், வீடு தோட்டத்துக்குரியது. அவனுக்காகச் சாட்சி சொல்லத்தக்க பெரியவர் துரை. துரையின் அச்சமோ அவனைப் பற்றியதே. சட்டம் அவனைப் பெயர்சொல்லி விலக்கவில்லை. அவன் நிலைமையே அவனை விலக்கிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாட்டினின்றே விலக்கியபின், துவக்குக்கு விண்ணப்பிக்கும் வினா எழவே இடமில்லாது போயிற்று. வாக்கும் நிலமும் இல்லாதவனிடம் அனுமதிப்பத்திரத்தை மட்டும் எதிர்பார்த்தல் பேதைமை.

இதன் விளைவை 1940ஆம் ஆண்டு முல்லோயா நிகழ்ச்சி காட்டும். ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளர் சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். ஜனவரி 10ஆம் நாள் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் தியாகியாக அவர் போற்றப்படுகின்றார். விசாரணைக் குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். அச்சூட்டைத் தொடர்ந்து எழுந்த வழக்குகள் பற்றிப் பொலிஸ் தலைவருக்கும் உள்நாட்டு அமைச்சருக்கும் மூண்ட பிணக்கு, பெப்ரவரியில் அமைச்சர் குழு பதவி விலகும் அளவுக்கு முற்றியது. ஒரு தோட்டத்தில் வெடித்த துவக்கு நாட்டின் அரசியலமைப்பையே அசைத்தது வியப்புக்குரியது. அதனினும் வியப்பு, அவ்வாண்டு முழுவதும் மலைநாட்டிலும் ஊவாவிலும் தொடர்ந்த வேலைநிறுத்தங்களில் தொழிலாளர் பக்கம் துவக்கு என்னும் பேச்சே எழாமை. கவ்வாத்துக் கத்தியும் கல்லும் தடியுமே அவர்கள் கையிலிருந்தவை. அவர்களின் வலிமை கொழுந்து பறிக்காது விடுவதில் இருந்தது. அவ்வலிமைக்கு எந்த அரசாங்க அதிபரும் அனுமதிப்பத்திரம் வழங்கவேண்டியிருக்கவில்லை. தோட்டத்துரைமார் துவக்குப் படை 1949இல் கலைக்கப்பட்டது. 1977 மே 11ஆம் நாள் தலவாக்கலை டெவன் தோட்டத்தில் நிலப்பறிப்பை எதிர்த்த சிவனு லட்சுமணன் பொலிசாரின் சூட்டுக்கு இரையானபோது, ஆட்சி மாறி மூன்று பதிற்றாண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

வேட்டைச் சட்டங்கள் இவ்வரலாற்றின் மற்றொரு கிளை. யானைகளுக்குச் சன்மானம் கொடுத்த அரசே 1872இல் யானை, எருமை முதலியவற்றை வீணே கொல்வதைத் தடுக்கச் சட்டமியற்றியது. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. வேட்டையிற் களித்தோரே அதன் உறுப்பினருட் பலர். 1937இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் வந்தது. விலங்குகள் அருகியபின் பாதுகாப்பு வேண்டியதுதான்; அதில் ஐயமில்லை. ஆயினும் றோஜர்ஸும் கோல்வேயும் சுட்டு வெறுமையாக்கிய மலைகளில், லயன் ஓரத்து மரக்கறிப் பாத்தியைக் கிளறும் பன்றியை விரட்டும் தொழிலாளி மட்டும் குற்றவாளிக் கூண்டில் நின்றான் என்பதையும் வரலாறு பதிதல் வேண்டும்.

துவக்குக் கிட்டாத கை வேறு வழி தேடுதல் இயல்பே. நாயும் வல்லயமும் கொண்ட கூட்டு வேட்டை, களவாகச் செய்யப்படும் கட்டுத்துவக்கு, இவையிரண்டினும் மலிவான கம்பிச் சுருக்கு ஆகியன அவ்வழிகள். கம்பிச் சுருக்குக்கு மருந்து வேண்டாம், ஓசை இல்லை, பதிவு இல்லை. பன்றிக்கும் சிறுத்தைக்கும் அது வேற்றுமை காண்பதுமில்லை. 2020 மே மாதத்தில் மஸ்கெலியாவுக்கு அப்பால் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அரிதிற் காணப்படும் கருஞ்சிறுத்தையொன்று இத்தகைய சுருக்கிற் சிக்கி, மீட்கப்பட்டும் பிழைக்காது சில நாட்களில் இறந்தது. பத்திரிகைகள் அதன் படத்தை வெளியிட்டுச் சுருக்கு வைத்தோரைக் கடிந்தன. தேயிலைச் செடிகளுக்கும் மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளுக்கும் இடையே, லயன்களின் பின்புறத்தே, அத்தகைய சுருக்குகள் இன்றும் வைக்கப்படுகின்றன.